செங்கல் வட்டாரத்தில் வைக்கோல் கட்டுதல்

வைக்கோல் கட்டுதல் என்பது கதிரடித்தபின் எஞ்சும் நெற்றாளை உலர்த்தித் திரட்டி, மாட்டுத் தீவனமாகச் சேமிப்பதற்கு ஏற்ற கட்டுகளாக ஆக்கும் வேலை. குளிர்நாடுகளில் புல்லை அறுத்துக் காயவைத்துக் கட்டுவார்கள். நெல் விளையும் நம் பக்கத்தில் அந்த இடம் வைக்கோலுக்கு உரியது. செங்கல், திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாறசாலையை அடுத்துள்ள ஊர். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தபோது இந்த ஊர் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கு இருபுறமும் மண், மழை, பயிர் எல்லாம் ஒன்றே. தீவனக் கவலையும் அப்படித்தான்.

நிலமும் பருவமும்

செம்மண் மேடுகளில் தென்னை, மரச்சீனி, வாழை. மேடுகளுக்கு இடையே தாழ்ந்து ஓடும் ஏலாக்களில் நெல். இதுவே இப்பகுதியின் அமைப்பு. ஏலா அகலம் குறைந்தது, வரப்புகள் நெருக்கமானவை, நிலம் சென்ட் கணக்கில் பேசப்படும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.18 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 45 சென்ட். நெல்வயலும் சுருங்கிவிட்டது. 1970-களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்தின் நெற்பரப்பு இன்று அதில் கால்பங்குக்கும் குறைவாகவே இருக்கிறது. மிச்சத்தைக் காக்க 2008-இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும். கேரளத்தில் விரிப்பு, முண்டகன் என்றும், எல்லைக்கு அப்பால் தமிழகத்து நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்றும் இரு பூ (போகம்) நெல் விளையும். முதல் பூவின் அறுவடை மழைக்கு நடுவே வரும். அந்த வைக்கோல் நனையாமல் கரையேறுவது அரிது. இரண்டாம் பூ தை, மாசியில் அறுவடையாகும். ஆண்டு முழுவதும் மாடு தின்னும் நல்ல வைக்கோல் அந்தச் சில வாரத்து வெயிலில்தான் தேறுகிறது.

பழைய முறை

அரிவாளால் அடியோடு அறுத்த கதிரைக் கற்றையாக்கிக் களத்துக்குச் சுமந்து, அடித்து, தாளை இரண்டு மூன்று நாள் வெயிலில் புரட்டிக் காயவைப்பார்கள். பிறகு நடுவே கம்பு நட்டு அதைச் சுற்றிப் படப்பு போடுவார்கள். படப்பின் தலை கூம்பாக இருந்தால் மழைநீர் மேலோடு வழிந்துவிடும். உள்வைக்கோல் பொன்னிறம் மாறாது. நீளம் குலையாத அந்தத் தாளை மாடுகள் விரும்பித் தின்னும். அறுக்கவும் சுமக்கவும் ஆள் குறைந்தபின் இந்த முறை தேய்ந்தது.

இயந்திர முறை

நாஞ்சில் நாட்டிலும் காவிரி டெல்டாவிலும் அறுவடை இயந்திரம் வந்ததைத் தொடர்ந்து கட்டும் இயந்திரமும் வந்தது. அறுவடை இயந்திரம் தாளின் அடிப்பகுதியை வயலிலேயே விட்டு, மேல்பகுதியைக் கசக்கி வரிசையாகத் தள்ளிச் செல்லும். அது காய்ந்ததும் டிராக்டரின் பின்னால் பூட்டிய ரவுண்ட் பேலர் என்னும் கட்டும் இயந்திரம் அந்த வரிசையின் மீது போகும். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழன்று இயந்திரத்துக்கு விசை தருகிறது. கம்பிப் பற்கள் வைக்கோலை வாரி அறைக்குள் தள்ள, உருளைகள் அதைச் சுருட்டுகின்றன. அறை நிறைந்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். சணல் கயிறு சுற்றிக்கொள்ளும். பின்கதவு திறந்து கட்டு தரையில் விழும். பரவலாக உள்ள இயந்திரம் தருவது ஏறத்தாழ 60 செ.மீ. விட்டம், ஒரு மீட்டர் நீளம், 15 முதல் 25 கிலோ எடை. ஒருவரே தலையில் தூக்கிவிடலாம்.

இந்த இயந்திரத்தை இயக்க 35 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள டிராக்டர் வழக்கம். ஏலாவின் குறுகிய வரப்புக்கும் ஈரத்தரைக்கும் 30 குதிரைத்திறனுக்குக் குறைந்த மினி டிராக்டரே பொருந்தும். அதற்கென்று இன்னும் சிறிய பேலர்களும் உண்டு. 30 சென்ட் வைத்திருப்பவர் இவற்றைச் சொந்தமாக வாங்குவது கட்டாது. 2014-15-இல் தொடங்கிய மத்திய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் மானியத்தோடு வாடகை மையங்களுக்கும் உதவுகிறது. ஏலா முழுவதும் ஒரே வாரத்தில் நட்டு ஒரே வாரத்தில் அறுத்தால் ஒரு வாடகை இயந்திரம் வரிசையாக எல்லா வயலையும் முடித்துவிடும். ஆளுக்கொரு நாள் அறுத்தால் வண்டி வந்துபோகும் செலவே மிஞ்சும்.

உலர்ச்சி

இயந்திரம் கட்டித் தரும்; காயவைத்துத் தராது. ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்குள் வந்தபின் கட்டுவது பாதுகாப்பு. ஒரு பிடி வைக்கோலை முறுக்கினால் சடசடவென்று ஒடிய வேண்டும். கயிறுபோல் துவண்டால் இன்னொரு வெயில் தேவை. ஈரத்தோடு இறுக்கிய கட்டு உள்ளே சூடேறும். சில நாள் கழித்துக் கையை நுழைத்தால் வெப்பம் தெரியும். பிரித்தால் வெண்பூஞ்சைத் தூள் பறக்கும். பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்ற மாடு, எருமைகளுக்கு வால், காது, குளம்பு அழுகும் டெக்னலா நோய் வரக்கூடும். அதனால் பூஞ்சைக் கட்டை எருக்குழியில் போடுவதே சரி. கட்டுகளைத் தரையில் படாமல் பலகை அல்லது கல் மீது, கூரையடியில் அடுக்க வேண்டும்.

தீவன மதிப்பு

நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 விழுக்காடுதான், மணல்சத்து மிகுதி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் புரதமதிப்பு ஏறத்தாழ இருமடங்காகும். பிரித்து ஆறவிட்ட பின்பே கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கூடாது. பச்சைத் தீவனத்துக்கு நேப்பியர் ஒட்டுப்புல் உதவும். ஆனால் அதன் தடித்த தண்டு எளிதில் காயாது என்பதால் உலர்புல்லாகக் கட்ட ஏற்றதன்று.

நாளுக்கு 5 கிலோ தின்னும் ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு 1,825 கிலோ, அதாவது 20 கிலோ எடையில் 91 கட்டுகளுக்கு மேல் வேண்டும். தமிழகத்திலிருந்து லாரியில் வரும் ஒவ்வொரு கட்டுக்கும் வைக்கோல் விலையோடு வழிக்கூலியும் சேர்கிறது. மாசி வெயிலில் சொந்த ஏலாவில் காய்ந்த கட்டுக்கு அந்தக் கூலி இல்லை. நெல்லை விட்டுவிடாத வீடுகளுக்கே அந்தக் கட்டு கிடைக்கும்.