கிள்ளான் துறைமுகமும் சிலாங்கூரின் செல்வமும்

ஒரு துறைமுகத்தின் பெருமையை மக்கள் பெரும்பாலும் அங்கு வந்து போகும் கப்பல்களின் எண்ணிக்கையைக் கொண்டே அளப்பர். அது தவறான அளவு அன்று. ஆயினும் முழுமையான அளவும் அன்று. கப்பல் இறக்கிய சரக்கு எவ்வழியே உள்நாட்டிற்குச் சென்றது, ஏற்றிய சரக்கு எங்கே விளைந்தது, இவ்விரண்டிற்கும் இடையே நின்று உழைத்தவர் யாவர், அவர் பெற்றதும் இழந்ததும் யாவை என்னும் வினாக்களுக்கு விடை கண்டால்தான் துறைமுகத்தின் பொருளாதாரப் பயன் விளங்கும். இதற்குக் கிள்ளான் துறைமுகத்தின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஆற்று வாயும் வரியும்

இருப்புப் பாதை வருவதற்கு முன் மலாய் நாட்டில் ஆறுகளே நெடுஞ்சாலைகளாய் இருந்தன. உள்நாட்டில் தோண்டிய ஈயம் படகேறிக் கடலுக்கு வந்தது. சுரங்கத் தொழிலாளர்க்கு வேண்டிய அரிசியும் பிற பண்டங்களும் அதே ஆற்றின் வழியே மேலே சென்றன. ஆகவே, ஆற்று வாயைத் தன் கையில் வைத்திருந்தவன் எவனோ அவனே இருவழிச் சரக்கிற்கும் வரி தண்டினான். சுரங்கம் யாருடையதாயினும் சாவி அவனிடமே இருந்தது.

1867ஆம் ஆண்டு முதல் 1873ஆம் ஆண்டு வரை சிலாங்கூரில் நடைபெற்ற உள்நாட்டுப் போரின் வேர் இதுவே. கிள்ளானைத் தம்பால் வைத்திருந்த ராஜா அப்துல்லாவுக்கும், அதனைக் கைப்பற்றிய ராஜா மஹ்டிக்கும் இடையே மூண்ட பகை, ஈயத்தின் மீது விதிக்கும் வரியைப் பற்றியதேயாகும். பின்னர் துங்கு குடினும் கோலாலம்பூரின் சீனத் தலைவர் யாப் ஆ லோயும் ஒரு பக்கம் சேர, போர் விரிந்தது. 1872இல் கோலாலம்பூர் எதிரிகள் கைக்குப் போயிற்று. மறு ஆண்டில் மீட்கப்பட்டது. ஊர் பாழாயிற்று, சுரங்கங்களில் நீர் நிறைந்தது. ஓர் ஆற்று வாயின் வருவாய்க்காக ஒரு நாடே ஆறு ஆண்டுகள் அல்லலுற்றது என்றால், துறை என்பது எத்துணைப் பெரிய பொருள் என்பது தெளிவாகும். 1874இல் பிரிட்டிஷார் சிலாங்கூர் ஆட்சியில் தலையிட இக்குழப்பமே வாய்ப்பாக அமைந்தது.

இருப்புப் பாதையும் பதின்மூன்று அடி நீரும்

1880இல் ஆட்சித் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1882இல் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், ஈயம் இருக்கும் இடத்தையும் கடலையும் இருப்புப் பாதையால் இணைக்க முனைந்தார். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை புகைவண்டி ஓடிற்று. 1890இல் ஆற்றின் மேல் பாலம் அமைந்து, பாதை கிள்ளான் நகரை அடைந்தது.

இங்கு ஒன்று கருதத் தக்கது. இந்நாட்டின் முதல் நான்கு இருப்புப் பாதைகளும் ஒரே அமைப்பில் எழுந்தவை. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கும், 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றுக்கும், 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கும், 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கும் பாதைகள் இடப்பட்டன. நான்கும் ஊரையும் ஊரையும் இணைக்கவில்லை. சுரங்கத்தையும் கடலையுமே இணைத்தன. நாட்டு மக்கள் ஒருவரையொருவர் காண்பதற்கு இட்ட பாதைகள் அல்ல இவை. நாட்டின் பொருள் வெளியே செல்வதற்கு இட்ட பாதைகள்.

கிள்ளான் பாதை விரைவிலேயே நல்ல ஆதாயம் தந்தது. ஆனால் அதன் முடிவில் இருந்த துறை சிறியது. ஆறு வளைந்து வளைந்து செல்வது. பங்காலான் பத்துத் துறைக்கு ஏறக்குறைய 13 அடிக்குமேல் நீர் வேண்டாத சிறு கப்பல்களே வரக்கூடும். பெருங்கப்பலுக்குரிய சரக்கு, சிறு கப்பலில் ஏறிச் சிங்கப்பூருக்கோ பினாங்கிற்கோ சென்று, அங்கு மறுபடி இறங்கி ஏற வேண்டியதாயிற்று. ஒவ்வோர் ஏற்றமும் ஒரு கூலி. ஒவ்வோர் இறக்கமும் ஒரு செலவு. அச்செலவு ஈயத்தின் விலையிலும் அரிசியின் விலையிலும் ஏறிற்று. ஆகவே ஆற்றை விட்டுக் கடல் முகத்திற்கே துறையைக் கொண்டு செல்வதெனத் தீர்மானமாயிற்று. அங்குத் தீவுகள் அரண்போல் நின்று அலையைத் தடுத்தன. நீரும் ஆழமாய் இருந்தது. குறை ஒன்றே: நிலம் கண்டல் மரங்கள் அடர்ந்த சேறாயிருந்தது.

காய்ச்சல் கேட்ட விலை

1901ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் புதிய துறைமுகம் திறக்கப்பட்டு, போர்ட் சுவெட்டன்ஹாம் எனப் பெயர் பெற்றது. இரண்டு திங்களுக்குள் மலேரியாக் காய்ச்சல் பரவிற்று. அலுவலர் படுத்தனர், கூலிகள் படுத்தனர், சரக்கிறக்க ஆள் இல்லை. துறைமுகத்தை மூடிவிடுவதே நன்று என்னும் நிலை ஏற்பட்டது.

அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்திற்கு வந்திருந்தார். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்னும் உண்மையை இந்தியாவில் ரொனால்டு ராஸ் 1897இல் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வுண்மையை வாட்சன் சேற்று நிலத்தில் செயற்படுத்தினார். கடல் நீர் உட்புகாமல் கரை எழுப்பப்பட்டது, காடு வெட்டப்பட்டது, தேங்கிய நீர் வடிய வாய்க்கால்கள் தோண்டப்பட்டன. பயன் யாது? கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலுமாக 1901இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1902இல் 59 பேர். 1903இல் 46 பேர். துறைமுகம் பிழைத்தது.

இது மருத்துவ வரலாறு மட்டும் அன்று. பொருளாதார வரலாறும் ஆகும். மேடையும் கிடங்கும் தண்டவாளமும் ஆயத்தமாயிருந்தும், மனிதன் நலமின்றிக் கிடந்தபோது அவை பயன்படவில்லை. வடிகாலுக்குச் செய்த செலவே மற்றெல்லாச் செலவுகளையும் காத்தது. ஆயினும் இப்பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் இயலாது. சமவெளியில் காட்டை வெட்டியதால் காய்ச்சல் குறைந்தது. மலைச்சாரல் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது அது மிகுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடையில் வளரும் வேறொரு கொசுவே அதற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. அதன்பின் நிலத்தடி வடிகால்களும் எண்ணெய் தெளித்தலும் கையாளப்பட்டன. அதற்கிடையே அத்தோட்டங்களில் மடிந்த தொழிலாளர் பலர்.

ரப்பரும் கப்பலும் மக்களும்

துறைமுகம் நிலைபெற்ற காலமும் ரப்பர் பரவிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. 1910இல் ரப்பர் விலை உச்சத்தை எட்டிற்று. கிள்ளான் வட்டாரத்தில் தோட்டங்கள் பெருகின. தோட்டத்திற்கு ஆள் வேண்டும். ஆளுக்கு அரிசி வேண்டும். ஆளும் கப்பலில் வந்தான்; அரிசியும் கப்பலில் வந்தது. 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் தண்டிய பணத்தைக் கொண்டு தொழிலாளரின் கப்பற் செலவை ஏற்றது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, தொற்றுநோய்க் காப்பு முகாமில் தங்கிய பின் தோட்டங்களுக்குப் பிரிந்தனர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயரை இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் அறியாதார் அரியர். இலங்கைத் தமிழரோ எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் இருப்புப் பாதையில் பணிபுரிந்தனர்.

வரவு இருந்தது போலவே செலவும் இருந்தது. 1930ஆம் ஆண்டை ஒட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரக்கணக்கான தொழிலாளர் அதே கப்பல்களில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சரக்கு தேவைப்படும்போது இறக்குவதும், தேவையற்றபோது ஏற்றுவதும் வாணிக முறை. மனிதரையும் அம்முறையிலேயே நடத்தியது அக்காலத் துறைமுகப் பொருளாதாரம். உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தபோதுதான் அவ்வழக்கம் நின்றது.

பெயரும் பெட்டியும் மாறிய காலம்

நெடுங்காலம் இத்துறைமுகம் மலாயா இரயில்வேயின் ஆட்சியிலேயே இருந்தது. 1963 ஜூலை முதல் தனித் துறைமுக ஆணையம் பொறுப்பேற்றது. 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிற்று. மறு ஆண்டில் கொள்கலன் முனையம் தொடங்கியது.

பெயர் மாற்றத்தைவிடப் பெட்டி மாற்றமே பெரிது. முன்பு மூட்டை மூட்டையாக, தோளிலும் தொங்கானிலும் ஏறி இறங்கிய சரக்கு, இரும்புப் பெட்டிக்குள் அடங்கிப் பாரந்தூக்கியால் நகர்ந்தது. கப்பல் கரையில் நிற்கும் நாள் குறைந்தது; அதனுடன் தோளுக்கு இருந்த வேலையும் குறைந்தது. அத்தோள்களில் தமிழர் தோள்களும் பல. 1986இல் கொள்கலன் முனையம் தனியார்க்கு மாற்றப்பட்டது. 1993இல் அரசு கிள்ளானை நாட்டின் தலைமைச் சரக்கு மையமாகக் கொண்டது. மலேசியச் சரக்கு சிங்கப்பூர் வழியே செல்வதைக் குறைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. தொடர்ந்து புலாவ் இண்டாவில் மேற்குத்துறை எழுந்தது. 2024இல் இத்துறைமுகம் இருபதடி அளவில் கணக்கிட்டு 14 மில்லியனுக்கும் மேற்பட்ட கொள்கலன்களைக் கையாண்டது.

இவ்வெண்ணையும் ஆய்ந்தே நோக்க வேண்டும். இவற்றுள் பாதிக்கு மேல் கப்பல் மாறிப் பிற நாடுகளுக்குச் செல்வன. அவை தூக்கு கூலியும் துறைக் கட்டணமும் தரும். ஆனால் இந்நாட்டில் விளைந்த பொருளும் இந்நாட்டார் செய்த பொருளும் வெளியே செல்லும்போது ஊர்தோறும் பரவும் பயனை அவை தாரா. மேலும், கட்டணம் குறைந்த வேறு துறை கிடைப்பின் அவை எளிதில் இடம் மாறும்.

முடிவுரை

இந்நாட்டின் முதற் புகைவண்டி சென்று சேர்ந்த போர்ட் வெல்டு, இன்று கோலா செப்பெத்தாங் என்னும் மீனவர் ஊராக இருக்கிறது. தைப்பிங்கின் இருப்புப் பாதை பிறையுடன் இணைந்ததும் ஈயம் பினாங்கின் ஆழ்கடலை நாடிற்று. முன்னதாகத் தொடங்குவது மட்டும் ஒரு துறையை வாழ்விக்காது என்பதற்கு அது சான்று. கிள்ளான் வாழ்ந்ததற்குக் காரணங்கள் மூன்று: ஆழ்ந்த நீர், உள்நாட்டோடு அறாத தொடர்பு, உழைப்பவர் உடல்நலம். முதலாவது இயற்கை தந்தது. இரண்டாவது பொறியியல் தந்தது. மூன்றாவதை 368 உயிர்களின் இழப்பிற்குப் பிறகே அரசு கற்றுக்கொண்டது.

துறைமுகத்திற்கு ஆளுநரின் பெயர் எழுபது ஆண்டுகள் வழங்கியது. சேற்றில் இறங்கி வாய்க்கால் வெட்டிய கூலிகளுள் ஒருவர் பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை. வருங்கால மாணவர் இத்துறைமுகத்தின் வரவு செலவை ஆராயப் புகும்போது, சுங்க வருவாய் எழுதிய ஏட்டோடு மருத்துவமனையின் இறப்பு ஏட்டையும், கப்பலேறி வந்தோர், திரும்பினோர் பட்டியலையும் ஒருங்கே வைத்துப் படித்தல் வேண்டும். அப்போதுதான் கணக்கு நேராகும்.