நாட்டுரிமையும் நம் வழக்கும்

வைகாசித் திங்களிலே தம்பிலுவில் கண்ணகை அம்மன் சந்நிதியில் திருக்குளிர்த்தி காணக் கூடுகின்ற நாம், கண்ணகி வழக்குரையைச் செவிமடுத்து மெய்சிலிர்க்கின்றோம். புகார் நகரத்து மகளொருத்தி அயல்நாடாகிய பாண்டி நாட்டின் அவையிலே தனியளாய் நின்று நீதி கேட்டாள். தன் பிழையை உணர்ந்த வேந்தன் உயிர் துறந்தான். அரசின் பெருமை படைவலியிலன்று, முறையீட்டைக் கேட்கும் செவியிலேயே உள்ளது என்பதன்றோ இக்கதையின் சாரம்! அவ்வன்னைக்குச் சேரன் எடுத்த விழாவிலே இலங்கைக் கயவாகு மன்னனும் இருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். சிங்கள மக்களும் பத்தினித் தெய்வமென அவளையே வணங்குகின்றனர்.

ஒரு தாயை இரு மொழியிலே தொழுத மக்கள், சுதந்திரம் பெற்றபின் ஒருவருக்கொருவர் அந்நியராயினது எங்ஙனம்? இளைஞர் இதனை ஆராய்ந்தறிதல் கடனாகும்.

1919ஆம் ஆண்டிலே தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்னும் தமிழரே. ஆயினும் பிரதிநிதித்துவம் பற்றி எழுந்த பிணக்கினால் சில ஆண்டுகளில் அவரே அதனின்றும் விலக நேர்ந்தது. பின்னாளில் வளர்ந்த மரத்தின் வித்து அன்றே விழுந்துவிட்டது.

1948 பெப்ரவரி 4ஆம் நாள் நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு முடியுமுன்னரே பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி, தேயிலைத் தோட்டங்களிலே உழைத்த இலட்சக்கணக்கான தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை அவர்களைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு! எஞ்சியிருந்தோர்க்கு வழிசெய்யும் சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டிலேதான்.

இனி நம் அயலை நோக்குவோம். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிற்று. நீர் வந்தது, நெல் விளைந்தது, உண்மையே. ஆனால் குடியேற்றத்தினால் மக்கட்டொகையின் அமைப்பும் மாறிற்று. 1956 ஜூன் மாதத்திலே தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்திற்கு வந்தபோது, அக்கல்லோயாவிலேயே தமிழர் குருதி சிந்தப்பட்டது. 1961இல் அரசகரும மொழிக் கொள்கையை எதிர்த்து மட்டக்களப்புக் கச்சேரியின் முன்னும் சத்தியாக்கிரகம் நடந்தது. அதே ஆண்டில் நமது தென்பகுதி மட்டக்களப்பினின்றும் பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாயிற்று.

அக்காலத்தே கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாமையால் சம்பள உயர்வை இழந்து, நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர்நீதிமன்றமோ, அரச ஊழியர் சம்பளத்திற்காக அரசின் மேல் வழக்கிட முடியாதென்றது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் அத்தீர்ப்பைத் தள்ளியது. எனினும் மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூல வினாவிற்கு இறுதி விடை கிடைக்கவேயில்லை. சிறுபான்மையோர்க்குக் காப்பாயிருந்த 29ஆம் பிரிவே 1972 அரசியலமைப்பிலே மறைந்தொழிந்தது. பாண்டியன் அவையிலே கேட்கப்பட்ட வழக்கு, இங்கே கேட்கப்படாமலே போயிற்று! தமிழும் அரசகரும மொழியென 1987இல் 13ஆம் திருத்தம் கூறியபோது, ஒரு தலைமுறை போர்க்களத்தில் நின்றது.

பிறரைக் குறைகூறி அமைதல் எளிது. நம்மையும் நாம் வினவ வேண்டாமா? இக்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசுவோர். தாய்வழிக் குடிமுறையையும் ஒப்பப் பேணுவோர். தமிழர் விளைத்த நெல்லும் முஸ்லிம்களின் வணிகமும் ஒரே சந்தையிற் கலந்தன. ஆயினும் 'தமிழ் பேசும் மக்கள்' என ஒரு சொல்லில் அவர்களை அடக்கிய நாம், அவர்தம் தனித்துவத்தை அவர்களிடமே கேட்டறிந்தோமா? 1990 ஆகஸ்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனையிலே கோயிலில் தஞ்சம் புகுந்தோர் கொல்லப்பட்டனர். ஒன்றிற்கு அழுது மற்றதற்கு வாளாவிருப்பவன் நீதி கேட்கும் தகுதியை இழக்கின்றான்.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பேர் முஸ்லிம்கள், 39 பேர் சிங்களவர், 17 பேர் தமிழர். இங்கே எவரும் தனித்துப் பெரும்பான்மையினரல்லர். நம்மைப் போன்ற சிறு தீவாகிய சிங்கப்பூர், தமிழ் உட்பட நான்கு மொழிகளை ஆட்சிமொழிகளாய் ஏற்றும் ஒரே நாடாய் நிற்கின்றது. ஆதலின் பன்மொழி நாட்டைப் பிளக்குமென்பது வெறும் அச்சமேயாகும்.

இளைஞர்களே! அரச அலுவலகத்திலே தமிழிற் கடிதம் கேட்பது சலுகையன்று, உங்கள் சட்ட உரிமை. அதனைத் தயங்காது கேளுங்கள். சிங்களமும் கற்றுக்கொள்ளுங்கள், திணிப்பினாற் கசந்த மொழி, விருப்பினாற் கற்கும்போது பாலமாகும். அயற்கிராமத்து முஸ்லிம் இளைஞரின் முறையீட்டையும் உங்கள் முறையீடாக எண்ணிக் கேளுங்கள். அடுத்த வைகாசியில் வழக்குரை கேட்கும்போது, கண்ணகை கையிலுள்ள சிலம்பை மட்டுமன்றி, செவிசாய்த்த வேந்தனையும் நினைவிற் கொள்வோமாக.