ஆலைத் தெருக்களில் முழங்கிய முரசு



ஒரு கலை வளர்ந்து உச்சிக்குப் போகிறது. அதைத் தொடக்கத்தில் வளர்த்த மக்களின் பிள்ளைகளோ அதில் சேர முடியாமல் வெளியே நிற்கிறார்கள். இப்படியும் நடக்குமா? நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ‘டிரம் கோர்’ என்று வழங்கும் முரசணிகளின் வரலாறு அத்தகையது. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முரசணி என்றால் என்ன? நம் பள்ளிகளில் நாம் கண்டிருக்கும் பேண்டு வாத்தியக் குழுவுக்கு அது தம்பி முறை. பேண்டில் கிளாரினெட்டும் புல்லாங்குழலும் இருக்கும். முரசணியில் அவை கிடையா. முரசுகள், பியூகல் எனப்படும் எக்காளங்கள், கொடி சுழற்றும் கொடியணி ஆகிய மூன்றுதாம் அதன் அடிப்படை உறுப்புகள். கொடியணியைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோர் நடந்துகொண்டே வாசிப்பார்கள். ஐந்து கெஜத் தூரத்தை எட்டே அடிகளில் நடப்பது வழக்கம். 

இந்த வாத்தியங்கள் போர்க்களத்திலிருந்து வந்தவை. தொலைபேசியும் வானொலியும் இல்லாத காலத்தில் படைகளுக்குக் கட்டளையிட முரசும் எக்காளமுமே பயன்பட்டன. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு அழைக்க மணியடித்ததை நம் பெரியோர் அறிவார்கள். அதுபோலப் படைவீரர்களை எழுப்ப ஒரு முழக்கம், உணவுக்கு அழைக்க ஒரு முழக்கம், முன்னேறிச் செல்ல ஒரு முழக்கம் என்று தனித்தனியே இருந்தன. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிறுவர்கள் பலர் முரசடிப்பவர்களாகப் படையோடு சென்றார்கள்.

முதல் உலகப் போர் 1918ஆம் ஆண்டு முடிந்தது. வீடு திரும்பிய வீரர்கள் 1919இல் ‘அமெரிக்கன் லீஜன்’ என்னும் சங்கத்தை அமைத்தார்கள். அயல்நாட்டுப் போர்களில் ஈடுபட்ட வீரர்களுக்கென இன்னொரு சங்கமும் முன்பே இருந்தது. இச்சங்கங்களின் கிளைகள் ஊர்தோறும் முளைத்தன. படையில் மிஞ்சிய எக்காளங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வாங்கிக் கிளைகள் தத்தம் முரசணிகளைத் தொடங்கின. 1921இல் கான்சஸ் நகரில் லீஜனின் தேசிய மாநாடு கூடியபோது முரசணிப் போட்டியும் நடைபெற்றது.

அந்தக் காலத்து எக்காளத்தில் விரலால் அழுத்துவதற்கு ஒன்றுமில்லை. உதட்டின் இறுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் சில சுரங்களை மட்டுமே எழுப்பலாம். முரசுகளுக்குக் கன்றுத்தோல் போர்த்தியிருந்தார்கள். மழை வந்தால் தோல் தொய்ந்துவிடும். தப்பைத் தீயில் காய்ச்சி வாசிக்கும் நம் மக்களுக்கு அந்தத் தொல்லை புதிதன்று. 1950களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் தோல் வந்த பிறகே அக்கவலை நீங்கியது. கருவிகள் எளியவை, விலை குறைந்தவை, இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத பிள்ளையும் காதால் கேட்டுக் கற்கக் கூடியவை. இவற்றால்தான் முரசணி ஏழைகளின் தெருக்களில் வேரூன்றியது.

நியூ ஜெர்சி மாநிலத்தில் கார்பீல்டு என்று ஒரு சிற்றூர் உண்டு. கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர் அது. 1926இல் அந்த வட்டாரத்து நெசவாலைத் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய 1934இல், அவ்வூர்த் தேவாலயம் ஒன்று பிள்ளைகளுக்காக ஒரு முரசணியைத் தொடங்கியது. அதுதான் பின்னாளில் ‘கார்பீல்டு கேடட்ஸ்’ என்று பெயர்பெற்ற அணி. சிகாகோவில் 1948இல் டான் வாரன் என்பவர் ஒரு சாரணர் குழுவிலிருந்து ‘கவலியர்ஸ்’ அணியை உருவாக்கினார். வையோமிங் மாநிலத்துக் காஸ்பர் நகரில் 1957இல் ஜிம் ஜோன்ஸ் ‘ட்ரூப்பர்ஸ்’ அணியைத் தொடங்கினார். இயந்திரத் தொழிற்சாலைகள் மிகுந்த ரசீன் என்னும் நகரில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் இருந்தன.

இவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தேவாலயம் கொஞ்சம் கொடுத்தது. வீரர் சங்கம் கொஞ்சம் கொடுத்தது. மிட்டாய் விற்றார்கள். தெருமுனையில் உண்டியல் குலுக்கினார்கள். பிற்காலத்தில் சில அணிகள் ‘பிங்கோ’ ஆட்ட இரவுகளை நடத்தி நிதி திரட்டின. தாய்மார்கள் சீருடை தைத்தார்கள். தந்தைமார்கள் பேருந்து ஓட்டினார்கள். வெளியூர் சென்றால் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தின் தரையில்தான் படுக்கை. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டுமா?

போட்டிக்கான விதிகளை வகுத்தவர்கள் வீரர் சங்கத்தார். அவை படை ஒழுங்கின்படி அமைந்தவை. போட்டியில் நடுவர்கள் அணிவகுப்பைச் சுற்றி வந்து சீருடையையும் காலணியின் பளபளப்பையும் சோதிப்பார்கள். தேசியக் கொடிக்கு மரியாதை செலுத்தும் பகுதி கட்டாயமாக இருக்க வேண்டும். அடி தவறினாலும், முரசில் ஒரு தட்டு பிசகினாலும், ஒவ்வொரு பிழைக்கும் பத்தில் ஒரு புள்ளி கழியும். நன்றாகச் செய்ததற்குக் கூட்டுவதைவிடத் தவறியதற்குக் கழிப்பதே அங்கே பெரிதாக இருந்தது.

1970ஐ ஒட்டி இளையோர் மனத்தில் புழுக்கம் எழுந்தது. அது வியட்நாம் போர்க் காலம். 1971இல் கார்பீல்டு கேடட்ஸ் அணியினர் போர் வேண்டாம் என்னும் கருத்தில் ஒரு நிகழ்ச்சி அமைத்து, மைதானத்தில் சமாதானச் சின்னத்தின் வடிவில் அணிவகுத்து நின்றார்கள். போர்வீரர்கள் தொடங்கிவைத்த கலையிலேயே பிள்ளைகள் இப்படிப் பேசத் துணிந்தார்கள் என்றால் காலம் எவ்வளவு மாறியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அணித் தலைவர்களுக்கு வேறு குறைகளும் இருந்தன. பரிசுப் பணம் பயணச் செலவுக்கே போதவில்லை. விதிகளை வகுப்பதிலும் நடுவர்களைத் தேர்வதிலும் அணிகளுக்குக் குரலில்லை. உழைப்பவர் ஒருவர், உத்தரவு போடுபவர் இன்னொருவர் என்னும் நிலை. எனவே 1971இல் கவலியர்ஸ், ட்ரூப்பர்ஸ், மாடிசன் ஸ்கவுட்ஸ், புளூ ஸ்டார்ஸ், சாண்டா கிளாரா வான்கார்ட் ஆகிய ஐந்து அணிகள் கைகோத்தன. கிழக்குப் பகுதியிலும் சில அணிகள் அவ்வாறே சேர்ந்தன. இம்முயற்சிகளின் பயனாக 13 அணிகளைத் தொடக்க உறுப்பினர்களாகக் கொண்டு ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’ என்னும் பொது அமைப்பு உருவாயிற்று. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் நகரில் அதன் முதல் வாகையர் போட்டி நடைபெற்றது. கலிபோர்னியாவின் ‘அனஹைம் கிங்ஸ்மென்’ அணி முதலிடம் பெற்றது.

அணிகள் தம் காரியத்தைத் தாமே நடத்தத் தொடங்கியதும் கலை வேகமாக வளர்ந்தது. 1977இல் எக்காளத்தில் இரண்டு நேர் வால்வுகள் அனுமதிக்கப்பட்டன. 1990இல் அவை மூன்றாயின. 1984இல் பிழைக்குப் புள்ளி கழிக்கும் முறை ஒழிந்தது. ஜார்ஜ் சிங்காலி வகுத்த அணிநடையோடு கார்பீல்டு கேடட்ஸ் 1983, 1984, 1985 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வாகை சூடியது. நேர்க்கோடுகளும் சதுரங்களுமாக இருந்த அணிவகுப்பு, நீரோட்டம்போல வளைந்து நெளிந்து ஓடத் தொடங்கியது. 2000இல் எக்காளத்தின் சுருதிக் கட்டுப்பாடு நீங்கியது. 2004இல் ஒலிபெருக்கியும் 2009இல் மின்னணு இசைக்கருவிகளும் வந்தன.

பழைய உறுப்பினர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. “அக்காலத்தில் இசையை மக்கள் வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டு வீடு போவார்கள், இப்போது மின்சாரம் அல்லவா வாசிக்கிறது?” என்பது அவர்கள் கட்சி. “இசை செழித்திருக்கிறது, எத்தனையோ இசையாசிரியர்கள் இங்கே பயின்று போனவர்கள்” என்பது புதியவர்கள் கட்சி. ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு வால்வு வந்தபோது ஒரு தலைமுறை குறைப்பட்டது. இரண்டு வால்வோடு வளர்ந்த தலைமுறை மூன்றாவதைக் கண்டு குறைப்பட்டது. தம் இளமையில் கேட்ட ஓசையே உயர்ந்தது என்று நினைப்பது மனித இயல்பு. ஆகவே வால்வைப் பற்றிய வழக்கில் நான் எந்தக் கட்சியிலும் சேரமாட்டேன்.

உண்மையான இழப்பு வேறோர் இடத்தில் நேர்ந்தது. தேசிய அளவில் போட்டி என்றானதும் கோடைக்காலம் முழுவதும் நாடு சுற்ற வேண்டியதாயிற்று. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியது. பழைய ஆலை நகரங்களிலிருந்து குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. தேவாலயங்களும் வீரர் சங்கங்களும் படிப்படியாகக் கையை விலக்கிக்கொண்டன. நூற்றுக்கணக்கில் இருந்த சிற்றூர் அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்து ரெவியர் நகரில் 1967இல் பிறந்த ‘இருபத்தேழாவது லான்சர்ஸ்’ அணி, 1980இல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் நிகழ்ச்சி வழங்கிய பெருமைக்குரியது. அதுவும் 1986க்குப் பிறகு களமிறங்கவில்லை. முதல் வாகையரான கிங்ஸ்மென் அணியும் 1980களில் கலைந்தது.

எஞ்சியவை பெரிதாயின. அணிக்கு 128 பேர் என்று நெடுங்காலம் இருந்த வரம்பு 150க்கு மேல் உயர்ந்தது. இன்று ஒரு கோடைக்காலம் அணியில் ஆட ஓர் இளைஞர் பல ஆயிரம் அமெரிக்க டாலர் கட்டணம் செலுத்த வேண்டும். அடுத்த தெருவில் வசிக்கும் ஆலைத் தொழிலாளியின் மகன் உண்டியல் குலுக்கிச் சேர்ந்த காலம் போய்விட்டது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் தேர்வில் வென்று வருபவர்களே பெரும்பாலும் உறுப்பினர்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விடுவது முறையன்று. 2018இல் கேடட்ஸ் அணியின் நீண்டகால இயக்குநர்மீது பெண்கள் பலர் பாலியல் குற்றச்சாட்டுகளைத் துணிந்து வெளியிட்டார்கள். அவர் பதவி விலகினார். 1980களில் நடந்ததாகக் கூறப்படும் கொடுமை ஒன்றைப் பற்றிய வழக்கும் பின்னர் வந்தது. அதன் சுமையைத் தாங்க முடியாத நிலையில், ஆலைத் தெருவில் 1934இல் பிறந்த அந்த அணி 2024ஆம் ஆண்டு தன் செயற்பாட்டை நிறுத்திக்கொண்டது. தொண்ணூறு ஆண்டுப் புகழ் ஒரு பிள்ளையின் பாதுகாப்புக்கு ஈடாகாது. புகழைக் காக்க வாய்மூடியிருக்கும் இடத்தில் கலை மட்டும் எப்படி நிலைக்கும்?

இத்தனைக்குப் பிறகும் அந்த மக்களின் பற்று வியப்புக்குரியது. முரசணியில் ஏறத்தாழ 21 வயதோடு ஒருவரின் காலம் முடிந்துவிடும். ஆனால் நினைவு முடிவதில்லை. கலைந்துபோன லான்சர்ஸ் அணியின் பழைய உறுப்பினர்கள் 1994இல் மீண்டும் கூடி அணிவகுத்தார்கள். 2007இல் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் வாகையர் போட்டி நடந்தபோது, கிங்ஸ்மென் அணியின் பழைய உறுப்பினர்கள் ஒன்றுகூடி மைதானத்தில் இறங்கினார்கள். 1972இல் வாசித்த இளைஞர்கள் அப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். தலை நரைத்திருந்தாலும் அடி மறக்கவில்லை. பயிற்சி என்பது அவ்வளவு ஆழமாக உடம்பில் பதிகிறது.

நேயர்களே, இவ்வரலாறு நமக்குச் சொல்வது என்ன? 1972இல் அணிகள் செய்தது சரியான செயல். வாசிப்பவருக்கும் பயிற்றுவிப்பவருக்கும் தம் தொழிலில் குரல் வேண்டும். சங்கம் கண்ட தொழிலாளர் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் குரலைப் பெற்றவர்கள், தமக்குப் பின்னால் வரும் எளிய பிள்ளை நுழைவதற்கு வாசலைத் திறந்து வைத்தார்களா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. தரம் உயர்ந்தது, வாசல் குறுகியது. இரண்டையும் ஒருசேரக் காப்பது எளிதன்று. எளிதன்று என்பதற்காக அதை விட்டுவிடவும் கூடாது.

நம் இளைஞர்களும் உறுமி மேளக் குழுக்களில் ஆர்வத்தோடு சேர்கிறார்கள். உங்கள் பகுதியில் அப்படி ஒரு குழு இருந்தால் பெற்றோர்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செலவை யார் பகிர்ந்துகொள்கிறார்கள்? கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே இடமுண்டா? பயிற்சி நேரத்தில் பொறுப்புள்ள பெரியவர்கள் உடனிருக்கிறார்களா? இம்மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் உங்கள் பிள்ளையை மனநிறைவோடு அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் குழுவைக் குறைகூறுவதோடு நின்றுவிடாமல், நீங்களே ஒருநாள் மாலை அங்கே போய் உட்காருங்கள். கார்பீல்டிலும் ரசீனிலும் முரசை முழங்க வைத்தவர்கள் வேலை முடிந்து வந்த களைப்போடும் பிள்ளைகளுக்காக நேரம் ஒதுக்கிய பெற்றோர்களே.