டிராக் பந்தயத் தானுந்துகளில் எரிபொருள் எக்கி

எரிபொருள் எக்கி என்பது தொட்டியில் உள்ள பெட்ரோலை எந்திரத்திற்குக் கொண்டு சேர்க்கும் கருவியாகும். நின்ற நிலையில் இருந்து புறப்பட்டு, கால் மைல் (402 மீட்டர்) நேர்த்தடத்தை மிகக் குறைந்த நேரத்தில் கடக்கும் டிராக் பந்தயத்தில், இவ்வெக்கியை எந்திரம் இயக்குவதா மின்சாரம் இயக்குவதா என்பது முக்கியமான தெரிவாகும். தடத்தின் கடைசிப் பகுதியில் பெட்ரோல் போதாமற் போனால் கலவை மெலிந்து எரியறையின் வெப்பம் மிகும். பிஸ்டன் உருகி எந்திரம் பாழாகவும் கூடும்.

தமிழகப் பின்னணி

இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் 1950களில் இருந்து மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்டது. அக்காலத்து இந்தியத் தானுந்துகளான பியட் 1100, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய இரண்டிலும் எந்திரத்தால் இயங்கும் எக்கியே இருந்தது.

எந்திர எக்கி

எந்திரத்தின் கேம் தண்டு ஒரு நெம்புகோலை அசைக்க, அது இரப்பர் திரையை மேலும் கீழும் இழுத்துப் பெட்ரோலை உறிஞ்சித் தள்ளுகிறது. அழுத்தம் 0.3 முதல் 0.4 பார் வரை இருக்கும். கார்புரேட்டரின் ஊசி அடைப்பிதழுக்கு இதுவே பொருத்தமான அளவாகும். மின்கம்பி தேவையில்லை, எந்திரம் நின்றால் எக்கியும் நின்றுவிடும். திரை கிழிந்தால் பெட்ரோல் எந்திர எண்ணெயுடன் கலந்துவிடுவது இதன் பெருங்குறை. தூத்துக்குடியின் விசைப்படகு டீசல் எந்திரங்களிலும் எந்திரமே இயக்கும் ஊட்டு எக்கியைக் காணலாம். உப்புக்காற்றில் மின் இணைப்புகள் விரைவில் அரித்துப் போகும் என்பதால் அங்கு அது நல்ல ஏற்பாடே.

முடுக்கத்தின் விளைவு

டிராக் தானுந்தின் உண்மையான சிக்கல் எக்கி இருக்கும் இடத்தில்தான் உள்ளது. தொட்டி பின்புறமும் எந்திரம் முன்புறமும் இருக்கையில், புறப்படும் கணத்தில் குழாயில் உள்ள பெட்ரோல் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. 3 மீட்டர் நீளக் குழாயில், புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில், இவ்வெதிரழுத்தம் ஏறத்தாழ 0.22 பார் ஆகும். முன்புறத்து எக்கி இதை உறிஞ்சியே வெல்ல வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால், வெயிலில் சூடேறிய பெட்ரோல் அங்கேயே ஆவியாகி ஓட்டம் தடைப்படும். தொட்டியருகே பொருத்தப்பட்ட மின் எக்கியோ தள்ளும் வேலையை மட்டும் செய்கிறது. அதன் அழுத்தத்தில் இந்த 0.22 பாரைச் சேர்த்துக் கணக்கிட்டால் போதும்.

எவ்வளவு பெட்ரோல் தேவை?

முழுத்திறனில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.23 கிலோகிராம் பெட்ரோல் செலவாகும். இதன்படி 80 குதிரைத்திறனுக்கு மணிக்கு 25 லிட்டர் வேண்டும். மேம்படுத்தப்பட்ட பழைய பியட்டுக்கு நல்ல நிலையில் உள்ள எந்திர எக்கியே போதுமானது. விலை உயர்ந்த மின் எக்கியால் அதன் நேரம் குறையப் போவதில்லை. 500 குதிரைத்திறனுக்கோ மணிக்கு ஏறத்தாழ 155 லிட்டர் தேவை. எரிபொருள் தெளிப்பு முறை கொண்ட எந்திரங்களுக்குப் பொதுவாக 3 பார் அழுத்தம் வேண்டியிருப்பதால், சாலைத் தானுந்துகளில் தொட்டிக்குள் அமைந்த மின் எக்கியே வழக்கம். இந்தியாவில் பரவலாக விற்கப்படும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவை சற்றுக் கூடும். பழைய இரப்பர் திரைகளையும் அது கெடுக்கக்கூடும்.

மின் எக்கியின் பெட்டியில் குறித்துள்ள அளவு பெரும்பாலும் குறைந்த அழுத்தத்தில், முழு மின்னழுத்தத்தில் அளந்ததாகும். மெல்லிய கம்பியால் மின்னழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும். ஆகவே ரிலேயும் தடித்த கம்பியும் இன்றியமையாதவை.

இத்தனைக்கும் பிறகு, உலகின் அதிவேக டிராக் வகையான டாப் பியூயல், எந்திரத்தால் இயங்கும் எக்கியையே பயன்படுத்துகிறது! நைட்ரோமீத்தேனை நிமிடத்திற்கு ஏறத்தாழ 380 லிட்டர் வரை செலுத்துவதற்கான ஆற்றலை மின்கலத்தில் இருந்து பெறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. அவ்வண்டிகளில் தொட்டி எந்திரத்திற்கு முன்னால், வண்டியின் மூக்குப் பகுதியில் உள்ளது. எனவே முடுக்கமே எரிபொருளை எக்கியை நோக்கித் தள்ளுகிறது.

பாதுகாப்பு

விபத்தில் எந்திரம் நின்ற பின்னும் மின் எக்கி ஓடிக்கொண்டிருந்தால், உடைந்த குழாயில் இருந்து பெட்ரோல் பீய்ச்சித் தீப்பற்றும். இதைத் தடுக்க மோதலுணர் நிறுத்தியோ, எண்ணெய் அழுத்தம் குறைந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் நிறுத்தியோ இணைக்கப்படுகிறது. வெளியில் நிற்பவர் எட்டி அணைக்கக்கூடிய முதன்மை நிறுத்தியும் பந்தயத் தானுந்துகளில் பொருத்தப்படுகிறது.