பெர்ன் நகரத்துச் சரக்கு

1950 மே மாதம் லண்டனில் ஃபாரடே சங்கத்தின் கூட்டம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வேதியியலாளர் ருடால்ஃப் சிக்னர், பேச்சோடு சரக்கும் கொண்டுவந்திருந்தார். சுமார் 15 கிராம் டி.என்.ஏ. வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று இனாமாகவே கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் கிங்ஸ் கல்லூரியின் மாரிஸ் வில்கின்ஸ்.

அந்தச் சரக்கின் பிறப்பிடம் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பி. இளம் விலங்குகளில் நெஞ்சின் மேற்பகுதியில் பெரிதாக இருக்கும். வயதாக ஆகச் சுருங்கிவிடும். அதிலுள்ள செல்கள் மிகச் சிறியவை, ஒவ்வொன்றிலும் பெரும்பகுதி உட்கருதான். அதனால் மற்றத் திசுக்களைவிட இதில் டி.என்.ஏ. அதிகம். எடுப்பதுதான் பாடு. டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டுகளுக்கு எதிர் மின்னூட்டம். ஹிஸ்டோன் என்ற புரதங்களுக்கு நேர் மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். அடர் உப்புக் கரைசல் அந்தப் பிடியைத் தளர்த்தும். ஆனால் சுரப்பியிலேயே டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. வேகமாகக் கலக்கினாலும் நீண்ட சங்கிலி அறுந்துபோகும். முந்தைய தலைமுறை வேதியியலாளர்கள் அமிலமும் காரமும் போட்டுத் துண்டாக்கிவிட்டு, டி.என்.ஏ. சின்ன மூலக்கூறு என்றே நம்பினார்கள். சிக்னரோ 1938லேயே, ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, அது மெலிந்து நீண்ட ராட்சத மூலக்கூறு என்று காட்டியவர். நீளம் கெடாமல் எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பொறுமைதான் லண்டனுக்கு வந்து சேர்ந்தது என்பேன்.

நீர் சேர்த்ததும் அந்த டி.என்.ஏ. மூக்குச்சளி மாதிரி கொழகொழவென்று ஆனது. கண்ணாடிக் குச்சியால் தொட்டு மெல்ல விலக்கினார் வில்கின்ஸ். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் இழை நீண்டது. இப்படி ஒரே சீராக இழை வருகிறதென்றால் உள்ளே மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும், எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கலாம். ஆய்வு மாணவர் ரேமண்ட் காஸ்லிங் பேப்பர் கிளிப் கம்பியை வளைத்துப் பல இழைகளை அதில் கட்டினார். காற்று எக்ஸ்-ரேயைச் சிதறடிக்கும் என்பதால் கேமராவுக்குள் ஹைட்ரஜன் விட வேண்டும். இழை காயாமலும் இருக்க வேண்டும். கசிவை அடைக்க அவர்கள் ஆணுறையைப் பயன்படுத்தினார்கள். விஞ்ஞான வரலாற்றுப் பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாமல் விடுவதில் எனக்கு வருத்தமே. படத்தில் தெளிவான புள்ளிகள் விழுந்தன. 1951 வசந்தத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸில் வில்கின்ஸ் அந்தப் படத்தைத் திரையில் காட்டியபோது, டி.என்.ஏ.வின் வடிவத்தைப் பின்னாளில் கண்டறியப்போகும் ஜேம்ஸ் வாட்சன் பார்வையாளர்களில் இருந்தார்.

அதற்குள் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். அவருக்கும் வில்கின்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. துறைத் தலைவர் ஜான் ராண்டல் வேலையைப் பிரித்தார், சரக்கும் பிரிந்தது: சிக்னரின் டி.என்.ஏ. ஃபிராங்க்ளினுக்கு, வில்கின்ஸுக்கு அமெரிக்காவிலிருந்து எர்வின் சார்காஃப் தந்தது. வில்கின்ஸ் நல்ல சரக்கைக் கைவிட்டதைப் பின்னால்தான் உணர்ந்தார். சார்காஃபின் இழைகள் அவ்வளவு தெளிவாகப் படம் தரவில்லை.

ஃபிராங்க்ளின் ஈரப்பதத்தைப் பிடித்துக்கொண்டார். ஹைட்ரஜனை உப்புக் கரைசல்கள் வழியாகக் குமிழியிடச் செய்து ஈரத்தை அளவாக ஏற்றி இறக்கினார். சுமார் 75 சதவீதத்தில் இழை படிகம்போல் இறுகியது, அது ஏ வடிவம். 92 சதவீதத்தைத் தாண்டியதும் அதே இழை நீண்டு மெலிந்தது, அது பி வடிவம். 1952 மே மாதம் காஸ்லிங், ஃபிராங்க்ளினின் வழிகாட்டுதலில், பி வடிவ இழை ஒன்றின் முன் கேமராவை 62 மணி நேரம் திறந்துவைத்தார். விழுந்ததுதான் 51ஆம் எண் படம். நடுவில் பெருக்கல் குறி போட்டதுபோல் கறுப்புப் பட்டைகள்: சுருள் வடிவத்தின் அடையாளம்.

1953 ஜனவரியில் வில்கின்ஸ் அந்தப் படத்தை வாட்சனுக்குக் காட்டினார். ஃபிராங்க்ளினிடம் யாரும் கேட்கவில்லை. மார்ச்சில் அவர் பர்க்பெக் கல்லூரிக்குப் போனார், டி.என்.ஏ. ஆய்வை கிங்ஸ் கல்லூரியிலேயே விட்டுவிட வேண்டும் என்பது ராண்டலின் நிபந்தனை. ஏப்ரல் 25 நேச்சர் இதழில் டி.என்.ஏ.வின் வடிவம் பற்றிய மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. வில்கின்ஸ் குழுவினர் தங்கள் கட்டுரையின் கடைசியில், பொருள் கொடுத்து உதவியவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு பட்டியல் போட்டார்கள். சார்காஃபுக்கு அடுத்து சிக்னரின் பெயர் இருக்கிறது.