பெரார்கஞ்சுக்குச் செய்தி வந்த வழி

இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலே, காடும் வயலும் மாறிமாறி வரும் பெரார்கஞ்ச் தாலுகா, 1920களில் தீவுகளின் தலைமைக் கமிஷனராயிருந்த மைக்கேல் லாயிட் பெரார் பெயரைத் தாங்கியது. தண்டனைக் கைதிகளும், மலபார்க் கலகத்துக்குப் பின் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைகளும், ஐக்கிய மாகாணத்துப் பாந்து இனத்தாரும், பிற்காலத்தில் கிழக்கு வங்காளத்து அகதிகளும் வந்து குடியேறிய தென் அந்தமானில், தாய்நாட்டுச் செய்தி என்பது எக்காலத்தும் அருமையான பொருளாகவே இருந்துவந்தது. இத்தாலுகாவைச் சேர்ந்த ஹோப் டவுன் படகுத்துறையில், 1872 பிப்ரவரி 8ஆம் தேதி மாலை, வைஸ்ராய் மேயோ பிரபு, ஷேர் அலி என்னும் கைதியின் கத்திக்கு இரையானபோது, சாம்ராஜ்யத்தையே உலுக்கிய அந்த விருத்தாந்தத்தைக்கூடக் கப்பல்தான் சுமந்துகொண்டு போகவேண்டியிருந்தது.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மாவின் டயமண்ட் தீவோடு கம்பியில்லாத் தந்தி ஏற்பட்டது. பின்னர் செயற்கைக்கோள் வந்தது. ஆனால் வானத்தின் வழியாக வந்த அந்தச் சிறு ஊற்று எல்லார் தாகத்தையும் தீர்க்கவில்லை. 2018 டிசம்பர் 30இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2020 ஆகஸ்ட் 10இல் தொடங்கிவைக்கப்பெற்ற, சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம் கடலடியில் செல்லும் கண்ணாடி இழையே அக்குறையை நீக்கியது. போர்ட் பிளேர்வரை விநாடிக்கு 200 ஜிகாபிட் வீதம் இரு இணைகளாகத் தகவலைக் கொண்டுவரும் அம்மாபெரும் காரியம் சர்க்காரால் மட்டுமே இயல்வது. அதற்கு என் மனமார்ந்த வந்தனம்.

எனினும் துறையிலிருந்து உள்ளூர்த் தெருவரை செல்லும் பாதையைக் கிராமத்தாரே உடைமையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். இங்கிலாந்தில் லங்காஷைர் மலையோரக் கிராமத்தார், பெரிய கம்பெனிகள் தங்களைக் கைவிட்டதைக் கண்டு, 2011இல் பீ-ஃபோர்-ஆர்-என் என்னும் சமூக ஸ்தாபனத்தைத் தொடங்கி, நில உரிமையாளர்கள் வயலூடே இழை செல்ல இலவசமாக அனுமதி தர, தாங்களே பள்ளம் தோண்டி, அந்த உழைப்புக்கு ஈடாகப் பங்குகளையும் பெற்று, இழைகளை ஒட்டவும் கற்றுக்கொண்டார்கள். நம்மவர்க்கும் இது அந்நியமானதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் நிகோபாரைச் சூறையாடிய அதே அலை புதுச்சேரிக் கடற்கரையை அணுகியபோது, நல்லவாடு மீனவர்கள், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியால் ஊரில் நடந்துவந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் முழங்கி, ஊராரைக் காத்தார்கள். கருவி அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, அதை இயக்கத் தெரிந்தவர்களும் ஊரிலேயே இருந்தார்கள்.

பெரார்கஞ்ச் தாலுகாவின் கிராமப் பஞ்சாயத்துகளும் அத்தகைய ஏற்பாட்டைச் செய்துகொண்டால், பருவமழையில் மரம் சாய்ந்து இழை அறுபடும் நாளில், நகரத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திராமல், ஊர் இளைஞர்களே போய் அதை ஒட்டிவிடலாம்.