தலைப்பாகை கட்டிய சாரணர்கள்

திருவிழாக் கூட்டத்துல கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி, கயிறு பிடிச்சு நிற்கிற சாரணப் பசங்களை எல்லாருக்கும் தெரியும். இந்தியப் பையன்களை ஒரு காலத்தில் அந்த இயக்கம் சேர்த்துக்கவே இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

பேடன் பவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1907-ல் பிரவுன்சீ தீவில் முதல் முகாமை நடத்தினார். இரண்டே வருஷத்தில், 1909-ல், பெங்களூரில் கேப்டன் பேக்கர் ஒரு சாரணர் படை தொடங்கிட்டார். ஆனால் அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். காரணத்தை ஊகிக்கலாம். சாரணர் என்றால் பழந்தமிழில் ஒற்றர் என்றும் பொருள். 'ஸ்கவுட்' என்பதும் ராணுவத்தில் வேவு பார்க்கிறவன்தான். ஆளப்படுறவன் பிள்ளைக்கு அந்தப் பயிற்சியை எந்த அரசு மனசாரக் கொடுக்கும்?

பதில் சென்னையிலிருந்து வந்தது. 1916-ல் அன்னி பெசன்ட்டும் ஜி. எஸ். அருண்டேலும் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினாங்க. தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, இந்தியப் பாட்டுகள். அதே வருஷம் பெசன்ட் ஹோம் ரூல் இயக்கத்தையும் தொடங்கினார். 1917 ஜூனில் கவர்னர் பென்ட்லண்ட் இருவரையுமே காவலில் வைத்தார்!

1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தப்போ சென்னைச் சங்கம் தாய் இயக்கத்தோட இணைந்தது. பெசன்ட்டுக்குக் கௌரவ ஆணையர் பதவி. கதவு திறந்தது, ஆனால் உள்ளே போனால் உறுதிமொழியில் கடவுளோடு அரசரும் இருந்தார். மதன் மோகன் மாளவியா, குன்ஸ்ரு போன்றவர்களின் சேவா சமிதி சாரணர்கள் வெளியிலேயே நின்னாங்க. இந்தப் பிளவு தீர 1950 நவம்பர் 7 ஆச்சு. அன்னிக்குத்தான் பாரத சாரணர் சங்கம் உருவானது. மறுவருஷம் பெண்கள் பிரிவும் சேர்ந்தது. உறுதிமொழியில் இப்போ கடவுளும் நாடும் மட்டும்.

எங்க அம்பகரத்தூர் அப்போ பிரெஞ்சுக் காரைக்காலில் இருந்தது. எல்லை தாண்டினால் தஞ்சாவூர் ஜில்லா. அங்கே சாரணனாகச் சேர்ந்த பையன் லண்டன் ராஜாவுக்கு உறுதி சொல்லணும். இங்கே ஆண்டது ராஜாவே இல்லாத ஒரு குடியரசு. ஆனாலும் நாம குடிமை நாடுதான். 1954 நவம்பர் 1-ல் காரைக்கால் இந்தியாவோட சேர்ந்தப்போ, அரசர் அந்த உறுதிமொழியை விட்டுப் போயிருந்தார்.